மணல்திட்டில் இருவர்

மந்திரவாதி என்றாலே வெள்ளைத் தாடியும் கைத்தடியுமாக ஒரு கிழவர்தான் கண்முன் வருகிறார். மெர்லின் அப்படி, டோல்கினின் காண்டால்ஃப் அப்படி. இந்தக் கிழவர்கள் பதினைந்து வயதில் எப்படி இருந்திருப்பார்கள்? இத்தனை ஆபத்தான வித்தையை எங்கே, யாரிடம் கற்றிருப்பார்கள்? ‘எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ’ நாவல் பிறந்த கதையைக் கேட்டவர்களுக்கெல்லாம் உர்சுலா லெ குவின் இந்தக் கேள்வியைத்தான் பதிலாகச் சொல்லிவந்தார். 1967இல் பெர்க்லி நகரின் பர்னாஸஸ் பிரஸ் என்ற சிறு பதிப்பகத்தை நடத்திவந்த ஹெர்மன் ஷைன் அவரிடம் ஒரு புத்தகம் கேட்டார். அதுவரை சின்னக் குழந்தைகளுக்கான நூல்களையே பெரும்பாலும் போட்டுவந்தவர், இப்போது கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏதாவது வேண்டும் என்றார். எதைப் பற்றி, எப்படி என்ற நிபந்தனை எதுவும் இல்லை. லெ குவின் முதலில் வரைபடம் போட்டார். கடல் முழுக்கத் தீவுகள். ஒவ்வொரு தீவுக்கும் ஒரு பெயர். அவற்றில் மூன்று குட்டித் தீவுகளுக்குத் தன் மூன்று குழந்தைகளின் செல்லப் பெயர்களை வைத்தார். நாவல் 1968இல் வெளிவந்தது. மந்திரவாதிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் என்ற எண்ணம் ஹாரி பாட்டருக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அதில் முழு உருவம் பெற்றிருந்தது.

இவ்வளவும் முன்னுரைகளிலும் நேர்காணல்களிலும் கிடைக்கிற சங்கதிதான். பொய்யில்லை. ஆனால் ஓர் எழுத்தாளர் தன் நூலின் பிறப்பைப் பற்றிச் சொல்லும் கதை, வாசலில் வைத்து விருந்தாளியிடம் சொல்லும் கதை. அடுக்களையில் நடந்தது வேறாக இருக்கும்.

அதே பர்னாஸஸ் பிரஸ் 1964இல் வேறொரு நூலை வெளியிட்டிருந்தது: ‘இஷி, லாஸ்ட் ஆஃப் ஹிஸ் டிரைப்’. எழுதியவர் தியோடோரா க்ரோபர், உர்சுலாவின் அம்மா. அதற்குப் படம் வரைந்தவர் ரூத் ராபின்ஸ். நான்கு ஆண்டுகள் கழித்து எர்த்ஸீயின் அட்டைப் படத்தையும், அத்தியாயத் தலைப்புகளில் வரும் சித்திரங்களையும் வரைந்தவரும் அவரே. அம்மாவின் புத்தகமும் மகளின் புத்தகமும் ஒரே பதிப்பகத்திலிருந்து, ஒரே ஓவியரின் கைபட்டு வந்திருக்கின்றன. ஒன்று, கலிஃபோர்னியாவின் மலையோடைகளில் ஓர் இனம் அழிந்த உண்மைக் கதை. மற்றது, இல்லாத கடலில் இல்லாத தீவுகளின் கதை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் இரண்டாவது நூலில் முதலாவதன் குரல் கேட்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1911 ஆகஸ்ட் 29 அன்று வட கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வெளியே, ஒரு கசாப்புக் கூடத்தின் தொழுவத்தில், பட்டினியால் ஒடுங்கிப்போன ஒரு மனிதரைக் கண்டுபிடித்தார்கள். நாய்கள் குரைத்துத்தான் ஆள் இருப்பது தெரிந்தது. வயது ஐம்பது இருக்கலாம். துக்கத்துக்காகத் தலைமுடியைக் கருக்கியிருந்தார். அவர் பேசிய மொழி அங்கே யாருக்கும் தெரியவில்லை. என்ன செய்வதென்று புரியாத ஷெரீஃப் அவரைச் சிறையில் கொண்டுபோய் வைத்தார். தண்டனைக்காக இல்லை, வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திடமிருந்து காப்பாற்றத்தான்.

செய்தித்தாளில் இதைப் படித்த கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக மானுடவியலாளர் ஆல்ஃப்ரெட் க்ரோபர் (பின்னாளில் உர்சுலாவின் அப்பா) தந்தி அடித்துவிட்டு, தன் சகா டி.டி. வாட்டர்மனை ரயிலேற்றி அனுப்பினார். வாட்டர்மன் கையில் யானா மொழியின் வடக்கு, நடுக் கிளைகளிலிருந்து சேகரித்த சொற்பட்டியல் இருந்தது. சிறையில் அந்த மனிதர் அருகே உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பதில் இல்லை. இன்னொரு சொல். இல்லை. பட்டியலின் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. கடைசியில் ‘சிவினி’ என்று படித்தபடியே, அவர் உட்கார்ந்திருந்த கட்டிலின் மரச்சட்டத்தைத் தட்டினார். சிவினி என்றால் மஞ்சள் பைன் மரம். கட்டில் அந்த மரத்தில் செய்தது. அந்த மனிதரின் முகம் மலர்ந்தது. அவரும் சட்டத்தைத் தட்டி அதே சொல்லைச் சொன்னார். இருவரும் மாறி மாறிக் கட்டிலைத் தட்டிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தியோடோரா இந்தக் காட்சியைச் சொல்லும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எர்த்ஸீக்குத் தாவலாம். அங்கே மந்திரம் என்பதே இதுதான். ஒரு பொருளின் உண்மையான பெயர் தெரிந்தால் அதனோடு பேசலாம், அதைக் கூப்பிடலாம், மாற்றலாம். பெயர் தெரியாவிட்டால் எவ்வளவு பெரிய மந்திரவாதியும் சிறைக்கம்பிக்கு முன்னால் உட்கார்ந்து பட்டியல் படிக்கும் ஆள்தான். ரோக் தீவின் பள்ளியில் பெயர்களைக் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியர் இருக்கிறார். ஊருக்கு ஒதுங்கிய கோபுரத்தில் அவர் எழுதிவைக்கும் பட்டியலை மாணவர்கள் நள்ளிரவுக்குள் மனப்பாடம் செய்தாக வேண்டும். அதற்குப் பிறகு மை மறைந்துவிடும். ஒவ்வொரு கடலின், விரிகுடாவின், முனையின், பாறையின் பெயர். சலிப்பூட்டும் வேலை. வித்தை காட்டும் மாணவர்கள் இதை வெறுக்கிறார்கள். அகராதி வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கோபுரம் எது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. மறைந்துபோகும் மை எது என்பதும் தெரியும். கலிஃபோர்னியாவில் ஒரு மொழியின் கடைசிப் பேச்சாளர் இறப்பதற்குள் எழுதி முடிக்கவேண்டிய பட்டியல்கள் அவை. உர்சுலாவின் அப்பா ஆயுள் முழுக்கச் செய்த வேலை அது.

கண்டெடுத்த மனிதரை சான் ஃபிரான்சிஸ்கோவின் மானுடவியல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிவந்தார்கள். (அந்தக் கட்டடம் இருந்த மேட்டுக்கும் பர்னாஸஸ் என்றே பெயர். தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) பத்திரிகைக்காரர்கள் பெயர் கேட்டு நச்சரித்தார்கள். அவர் சொல்லவில்லை. அவருடைய இனமான யாஹியின் வழக்கப்படி ஒருவர் தன் பெயரைத் தானே சொல்வதில்லை. தன் இனத்தவர் இன்னொருவர்தான் சொல்லி அறிமுகம் செய்ய வேண்டும். அவர் விஷயத்தில் அப்படிச் சொல்ல உயிரோடு யாரும் மிஞ்சவில்லை. க்ரோபர் கடைசியில் ‘இஷி’ என்று கூப்பிடலாம் என்றார். யானா மொழியில் மனிதன் என்று பொருள். அவர் 1916 மார்ச் 25 அன்று காசநோயில் இறக்கும்வரை அந்தப் பெயரே நிலைத்தது. நாலரை ஆண்டுகள் அவரோடு பழகிய க்ரோபருக்கும் வாட்டர்மனுக்கும், அம்புவிடக் கற்றுக்கொண்ட மருத்துவர் சாக்ஸ்டன் போப்புக்கும் சொந்தப் பெயர் கடைசிவரை தெரியாது.

எர்த்ஸீயில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். ஒன்று ஊருக்கு. மற்றது பதின்மூன்று வயதில் பெரியவர் ஒருவர் காதில் சொல்வது. நாயகனை ஊர் வல்லூறு என்று கூப்பிடுகிறது, அவனது மெய்ப்பெயர் கெட். மெய்ப்பெயரைக் கேட்பது அநாகரிகம். தானாகச் சொல்வது உயிரை ஒப்படைப்பது. கதையில் வெட்ச் என்ற நண்பன், கெட் எல்லாவற்றையும் இழந்து முகம் சிதைந்து நிற்கும் நேரத்தில், தன் மெய்ப்பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். அதற்கு மேல் ஒரு வார்த்தை ஆறுதல் இல்லை. மிகுபுனைவு இலக்கியத்தில் நட்பைப் பற்றி எழுதிய இடங்களில் இதற்கு இணையாக எனக்குச் சிலவே தெரியும்.

இந்த இரண்டையும் நேராகக் கோடுபோட்டு இணைத்துவிடும் ஆசை எழுகிறது. கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பெயருக்குள் உயிர் இருக்கிறது என்ற நம்பிக்கை உலகம் முழுக்க உண்டு. உர்சுலா சிறுமியாக இருந்தபோது படித்த புத்தகங்களில் ஒன்று, ஃப்ரேஸரின் ‘கோல்டன் பவ்’ நூலிலிருந்து அவருடைய மனைவி குழந்தைகளுக்காகத் தொகுத்த கதைகள். அந்தப் பெருநூலில் பெயர் விலக்குகள் பற்றிப் பக்கம் பக்கமாக உண்டு. புருஷன் பெயரைச் சொல்லாமல் ‘அவுக’ என்று ஆயுளை ஓட்டிய நம் பாட்டிமாருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதும் இல்லை. பெயர் மந்திரம் லெ குவினின் எழுத்தில் முதலில் தலைகாட்டியது 1964இல், ‘ஃபென்டாஸ்டிக்’ இதழில் வந்த இரண்டு சிறுகதைகளில். அவற்றில் ஒன்றில், கிராமத்துப் பள்ளி ஆசிரியை பிள்ளைகளுக்குப் பெயர் விதிகளைச் சொல்லித் தருகிறாள். அடுத்தவர் பெயரைக் கேட்காதே, உன் பெயரைச் சொல்லாதே. அது வேடிக்கைக் கதை, நாகமும் வில்லத்தனமும் கொண்டது. இஷியின் சாயல் அங்கே இருந்தால் அந்த விதிகளில் மட்டும்தான்.

இன்னொரு தடையும் உண்டு. உர்சுலா பிறந்தது 1929இல், இஷி இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து. வீட்டில் அப்பா இஷியைப் பற்றிப் பேசிக் கேட்டதே இல்லை என்று அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1950களின் இறுதியில், அம்மா அந்த வரலாற்றை எழுத உட்கார்ந்தபோதுதான் அவருக்கு விஷயம் முழுமையாகத் தெரியவந்தது. அதற்குள் அவர் திருமணமாகி போர்ட்லண்டுக்குக் குடிபோயிருந்தார். ஆகவே குழந்தைப் பருவத்தில் இஷி கதை கேட்டு வளர்ந்தவர் எர்த்ஸீயை எழுதினார் என்று சிலர் எழுதுவது தவறு. அவர் வளர்ந்தது இஷியைப் பற்றிப் பேசாத வீட்டில்.

அந்தப் பேச்சின்மைக்குக் காரணம் உண்டு. இஷி இறக்கும்போது க்ரோபர் நியூயார்க்கில் இருந்தார். உடலை அறுக்கக் கூடாது, அறிவியலின் பெயரால்கூடக் கூடாது என்று கடுமையாகக் கடிதம் எழுதினார். கடிதம் பிந்திவிட்டது. பிணப் பரிசோதனை நடந்தது, மூளையைத் தனியே எடுத்து வைத்தார்கள். திரும்பிவந்த க்ரோபர் என்ன செய்தார் என்பதுதான் நம்மைத் திகைக்க வைப்பது. அந்த மூளையை வாஷிங்டனின் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்துக்கு அவரே அனுப்பிவைத்தார். பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் இஷியின் வரலாற்றை அவர் எழுதவில்லை. எழுதவேண்டிய வேலை, இஷியை நேரில் கண்டிராத மனைவியிடம் போனது. க்ரோபர் 1960இல் பாரிஸில் இறந்தார். தியோடோரா எழுதிய ‘இஷி இன் டூ வேர்ல்ட்ஸ்’ அடுத்த ஆண்டு வந்தது. மூளை ஸ்மித்ஸோனியனுக்குப் போன விஷயம் அந்த நூலில் இல்லை. அது வெளிச்சத்துக்கு வந்தது 1999இல்.

ஆனால் அந்த வீடு மௌனம் மட்டுமே நிரம்பியதாக இருக்கவில்லை. நாபா பள்ளத்தாக்கில் க்ரோபர் குடும்பத்துக்கு ஒரு பண்ணை இருந்தது. கோடைக்காலம் முழுக்க அங்கேதான். விருந்தாளிகளில் இயற்பியலாளர் ஓப்பன்ஹைமர் உண்டு, அகதிகளாக வந்த ஐரோப்பிய அறிஞர்கள் உண்டு. உர்சுலா ‘இந்திய மாமாக்கள்’ என்று பிற்காலத்தில் அன்போடு நினைவுகூர்ந்த இருவர் உண்டு. ஒருவர் பாபகோ இனத்தவரான ஹுவான் டொலோரெஸ். மற்றவர் யுரோக் இனத்தவரான ராபர்ட் ஸ்பாட். இருவரும் க்ரோபருக்குத் தகவல் சொல்லும் ஆட்களாகத் தொடங்கி நண்பர்களானவர்கள். ஸ்பாட்டின் பெயர் 1942இல் வந்த யுரோக் கதைத் தொகுப்பில் க்ரோபர் பெயரோடு சேர்ந்தே இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் யாராவது பேச ஆரம்பித்தால் ஸ்பாட் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, பேச்சு முடியும்வரை சாப்பிடாமல் இருப்பாராம். அது யுரோக் மரியாதை. வாய் ஓயாத அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பாவம் அவர் எத்தனை வேளை அரைவயிறாக எழுந்தாரோ.

டொலோரெஸ் விஷயம் இன்னும் நெருக்கம். அவர் அருங்காட்சியகத்தில் வேலைபார்த்தவர், அங்கே இஷியின் தோழர். பேசாத அந்தப் பெயர் வீட்டுக்குள்ளேயே, கோடைக்கோடைக்கு வந்துபோகும் ஒரு மாமாவின் ஞாபகத்தில் இருந்திருக்கிறது. குழந்தைகளுக்குத் தெரியாமல்.

இங்கே நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் இதில் வந்து சேர்கிறது. இஷியோடு கடைசியாக உட்கார்ந்து மொழியைப் பதிந்தவர் எட்வர்ட் சபீர், 1915 கோடையில். அதே சபீரிடம் யேல் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்று, 1935இல் நீலகிரிக்கு வந்து தொதவர், கோத்தர் மொழிகளை எழுதியவர்தான் மர்ரே எமனோ. 1940இல் பெர்க்லிக்குப் போனார். அங்கே கலிஃபோர்னியப் பழங்குடி மொழிகளைப் பதியும் திட்டத்தைத் தொடங்க முன்னின்றவர்களில் ஒருவரும் அவரே. பர்ரோவோடு சேர்ந்து அவர் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி வெளியானது 1961, தியோடோராவின் ‘இஷி இன் டூ வேர்ல்ட்ஸ்’ வந்த அதே ஆண்டு. தொதவர்களின் ஆட்பெயர்களைப் பற்றியே 1938இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அவருக்கு முன் 1906இல் ‘தி டோடாஸ்’ நூலை வெளியிட்ட ரிவர்ஸும், தொதவர்கள் தம் பெயரைச் சொல்லத் தயங்குவதையும், பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வதையும் குறித்துவைத்தார். ஓரோவில் சிறைக்கட்டிலுக்கும் உதகை மந்துக்கும் நடுவே ஓர் ஆசிரியரும் மாணவரும்தான் தூரம். எர்த்ஸீக்கு நேரடித் தொடர்பில்லாத இந்தப் பக்கவழியில் இவ்வளவு நேரம் நின்றதற்குக் காரணம் ஒன்றுதான். பெர்க்லியில் அன்று வளர்ந்த அறிவின் தன்மை இதில் தெரிகிறது. பெயரைச் சொல்லாதவர்களிடம் போய்ப் பெயர்களைச் சேகரிப்பதே அந்த அறிவின் தொழில்.

இப்போது நாவலின் எட்டாம் அத்தியாயத்துக்கு வருகிறேன். எர்த்ஸீயைப் பற்றி எழுதுகிறவர்கள் பள்ளியையும் நாகங்களையும் நிழலையும் பேசுவார்கள், இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். தன் மந்திரத்தால் தானே அவிழ்த்துவிட்டு, பிறகு தன்னைத் துரத்திய நிழலைக் கெட் இப்போது தானே துரத்திக்கொண்டு போகிறான். மூடுபனியில் படகு உடைகிறது. உயிர்தப்பி ஒரு மணல்திட்டில் ஒதுங்குகிறான். கடல் நடுவே மண்ணும் பாறையும் மட்டும். அங்கே கரையொதுங்கிய மரத்துண்டுகளால் கட்டிய ஒரு குடிசை. உள்ளே கிழவன் ஒருவன், கிழவி ஒருத்தி. கந்தல்கூட இல்லாத தோல் உடுப்பு. இவனைக் கண்டதும் கிழவன் மூலையில் சுருண்டு நடுங்குகிறான். மொழி புரியவில்லை. பேசும் பழக்கமே அற்றுப்போனவர்கள். இருவரும் குழந்தைகளாக இருந்தபோது யாரோ கொண்டுவந்து விட்டுப்போயிருக்கிறார்கள், அதற்குப் பிறகு வேறு மனித முகத்தையே கண்டதில்லை.

கிழவிக்குப் பயம் தெளிகிறது. தண்ணீர் தருகிறாள், சிப்பி தருகிறாள். ஒருநாள் ஒளித்துவைத்திருந்த பொருளை எடுத்துக் காட்டுகிறாள். சின்னக் குழந்தையின் பட்டுச்சட்டை, முத்து பதித்தது, உப்புக்காற்றில் மஞ்சளித்தது. அரச குடும்பத்தின் அடையாளம் அதில் இருக்கிறது. அவள் இளவரசி. அண்ணனும் தங்கையும் என்பதைக் கெட் ஊகிக்கிறான். அவள் உடைந்த வளையத் துண்டு ஒன்றையும் எடுத்து அவன் கையில் வைத்து, வைத்துக்கொள் என்று சைகை காட்டுகிறாள். கெட் அவர்களைத் தன்னோடு கூட்டிப்போகிறேன் என்கிறான். கிழவன் மறுத்துவிடுகிறான். கிளம்புமுன் அவர்களுடைய உவர்ப்புக் கிணற்றில் மந்திரம் வைக்கிறான், தண்ணீர் தெளிந்து இனிப்பாக ஊறுகிறது. அவ்வளவுதான். படகு போய்விடுகிறது.

இனி ‘இஷி இன் டூ வேர்ல்ட்ஸ்’ நூலிலிருந்து ஒரு பக்கம். 1908 நவம்பர். மின்சாரக் கம்பெனியின் நில அளவையாளர்கள் டியர் கிரீக் ஓடைப் பள்ளத்தாக்கில் ஒளிந்திருந்த ஒரு குடியிருப்பில் தடுக்கி விழுகிறார்கள். நாற்பது ஆண்டுகளாக வெள்ளையர் கண்ணில் படாமல், புகை எழாமல் அடுப்பெரித்து, கல்மேல் மட்டும் கால்வைத்து வாழ்ந்த யாஹிகளின் கடைசி நான்கு பேர். ஒரு கிழவரும் ஒரு பெண்ணும் ஓடித் தப்புகிறார்கள். அந்தப் பெண் இஷியின் தங்கையோ, தங்கை முறையோ. போர்வையால் மூடிக் கிடந்த நோயாளிக் கிழவி, இஷியின் அம்மா, நகர முடியாமல் நடுங்கிக்கொண்டிருக்கிறார். வந்தவர்கள் வில்லையும் அம்பையும் கூடைகளையும் தோல் உடுப்புகளையும் ஞாபகப் பொருளாக அள்ளிக்கொண்டு போகிறார்கள். குளிர்காலம் தொடங்கும் நேரம். மறுநாள் மனம் கேட்காமல் சிலர் திரும்பிவந்தபோது அங்கே யாரும் இல்லை. ஓடிய இருவரை இஷி அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. அம்மா சீக்கிரமே இறந்தார். மூன்றாண்டுகள் தனியாகக் காட்டில் இருந்துவிட்டுத்தான் அவர் கசாப்புக் கூடத்துக்கு வந்தார்.

மணல்திட்டுக் காட்சி இந்தப் பக்கத்தைத் திருப்பிப் போட்டு எழுதியது என்பது என் வாசிப்பு. அண்ணன், தங்கை. ஒளிந்த வாழ்வு. ஆள் கண்டால் நடுக்கம். திடீரென்று உள்ளே வந்துவிட்ட அந்நியன். இந்த அந்நியன் எதையும் எடுக்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்கிறான், கிணற்றைச் சீர்செய்துவிட்டுப் போகிறான். பெயர் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எதற்கும் பெயர் கேட்டுப் பழகிய தொழில்காரன், இவர்களிடம் கேட்கவில்லை. அவர்களின் பெயர் வாசகருக்கே அடுத்த நாவலான ‘தி டூம்ஸ் ஆஃப் ஆட்டுவான்’ நூலில்தான், 1971இல்தான், தெரியவருகிறது. அப்போது அந்த வளையத் துண்டு முழு வளையமாகிறது. மகள் தன் புனைவில் அப்பாவின் துறைக்கு ஒரு நல்ல நடத்தையை எழுதிக்காட்டினார் என்று சொன்னால் மிகை என்பார்கள். நான் சொல்லத்தான் போகிறேன்.

ஏனென்றால் அந்தத் துறையின் பெயர் சொல்லும் அதிகாரம் பாழாக்கிய வாழ்வுகளும் உண்டு. க்ரோபர் 1925இல் வெளியிட்ட கலிஃபோர்னிய இந்தியர் கையேடு ஆயிரம் பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவான பெருநூல். அதில் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றி வாழ்ந்த ஒலோனி மக்களைப் பற்றி, நடைமுறையில் அற்றுப்போனவர்கள் என்ற பொருளில் எழுதிவிட்டார். அவர்கள் அப்போது உயிரோடு, பக்கத்து ஊர்களிலேயே இருந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் அரசாங்கப் பட்டியலிலிருந்து அவர்கள் விடுபட்டார்கள். அதற்கு இந்த வரியும் துணைபோனது என்பது அவர்களின் நெடுங்காலக் குற்றச்சாட்டு. எர்த்ஸீயின் விதிப்படி பார்த்தால் இது கொடிய மந்திரம்: இருக்கிற ஒன்றைப் பார்த்து இல்லை என்று சொல்வது. முதுமையில் க்ரோபர் பழங்குடிகளின் நில உரிமை வழக்கில் அவர்கள் பக்கம் சாட்சி சொன்னார் என்பதும் உண்மை. எழுதிய வரி அதனால் அழியவில்லை. பெர்க்லியில் மானுடவியல் துறை இருந்த கட்டடத்துக்கு வைத்திருந்த அவர் பெயரைப் பல்கலைக்கழகம் 2021 ஜனவரியில் நீக்கியது. மகள் அதற்கு மூன்றாண்டு முன்பே, 2018 ஜனவரியில், இறந்துவிட்டார்.

நாவலின் மற்ற ஊற்றுகளைப் பற்றி வேறு பலர் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்குகிறேன். க்ரோபர் வீட்டில் பால் கேரஸ் பதிப்பித்த ‘தாவோ தே ஜிங்’ இருந்தது. அப்பா அதை அடிக்கடி எடுத்துப் புரட்டுவார், தன் சவச்சடங்கில் படிக்கவேண்டிய பகுதிகளைக் குறித்தும் வைத்திருந்தார். மகள் அதை இளம்வயதிலேயே பற்றிக்கொண்டு, 1997இல் தன்னுடைய ஆங்கில ஆக்கத்தை வெளியிட்டார். மழையை நிறுத்தத் தெரிந்தும் நிறுத்தாமல் மரத்தடியில் நனைந்து படுக்கும் ஓகியன் என்ற குரு அந்தப் புத்தகத்திலிருந்து இறங்கிவந்தவர். சீடன் கெட்டுக்கு இவர் வித்தையே தெரியாதவரோ என்று எரிச்சல். நாவலின் மிக நல்ல நகைச்சுவை அதுதான். நிழலை உளவியலாளர் யுங்கிடமிருந்து எடுத்தார் என்பது பலர் சொல்வது. நாவலை எழுதும்போது தான் யுங்கைப் படித்திருக்கவில்லை என்று லெ குவின் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

தோல் நிறம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கெட் செம்பழுப்பு நிறத்தவன். வெட்ச் கறுப்பு. வெள்ளைத் தோலுள்ளவர்கள் கிழக்குக் கோடித் தீவுகளிலிருந்து வந்து கொள்ளையடிக்கும் கார்க் இனத்தார். 1968இல் அமெரிக்கச் சிறுவர் நூலில் இதைச் செய்தவர் அதைச் சத்தம் போடாமல், கதை கொஞ்சம் நகர்ந்த பின் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். வாசகன் அதற்குள் கெட்டோடு ஒன்றியிருப்பான். ஆனால் பதிப்பாளர்கள் பல பதிப்புகளின் அட்டையில் அவனை வெள்ளையனாக்கினார்கள். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரும் அதையே செய்தது. லெ குவின் கோபத்தோடு கட்டுரை எழுதினார். நியாயமான கோபம். இந்திய மாமாக்களின் முகச்சாயலில் ஒரு வீரனைப் படைத்தவருக்கு அட்டையில் வேறொருவர் நிற்பதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும்.

குறையும் உண்டு. இந்த முதல் நாவலில் பெண்கள் ஒன்று சூனியக்காரக் கிழவிகள், அல்லது மயக்கும் சீமாட்டிகள், அல்லது சோறு போடும் தங்கைகள். பள்ளியில் ஒரு பெண்கூட இல்லை. பெண்ணின் மந்திரம் தாழ்ந்தது என்பதை அந்தத் தீவுகளின் பழமொழியாகவே வைத்துவிட்டார். டோல்கின் வழிவந்த மரபில் இது பிசகாகவே யாருக்கும் தெரிந்திருக்காது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1990இல் ‘தெஹானு’ நாவலில் அவரே திரும்பிவந்து, அதே தீவுகளை ஒரு விதவையின் அடுக்களையிலிருந்து பார்த்து எழுதினார். பழைய வாசகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அந்த வரிசையிலேயே மிக நல்ல நாவல் அதுவாகத்தான் படுகிறது. ஆனால் முதல் நாவலிலும் ஒரு பெண் விதிவிலக்காக நிற்கிறாள். மணல்திட்டுக் கிழவி. அவள் சூனியக்காரி இல்லை, அழகி இல்லை, யாருக்கும் சமைத்துப்போடக் கடமைப்பட்டவளும் இல்லை. பயத்தை விட்டு முதலில் கைநீட்டியவள் அவள்தான். அடுத்த நாவலின் கதையே அவள் கொடுத்த துண்டில்தான் நிற்கிறது.

இஷியின் அஸ்தியையும் மூளையையும் 2000ஆம் ஆண்டு ஒன்றுசேர்த்து, யானா வழித்தோன்றல்கள் உள்ள வட கலிஃபோர்னியப் பழங்குடிகளிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் தங்கள் மலைப்பகுதியில் அடக்கம் செய்தார்கள். இடத்தை வெளியே சொல்லவில்லை.

எர்த்ஸீயை இனிமேல் படிக்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலில் நாவலைப் படியுங்கள். எட்டாம் அத்தியாயத்தில் அவசரப்படாதீர்கள், துரத்தலின் வேகத்தில் அந்தக் குடிசையைக் கடந்துவிட வாய்ப்பிருக்கிறது. பிறகு தியோடோராவின் ‘இஷி இன் டூ வேர்ல்ட்ஸ்’ நூலை எடுங்கள். முன்பாதி கொலைகளின் பட்டியல், படிக்கக் கடினமானது, ஆனாலும் விடாமல் படியுங்கள். வரிசையை மாற்றவேண்டாம். வரலாற்றை முதலில் படித்தால் நாவல் வெறும் குறியீடாகத் தேய்ந்துவிடும். இஷியின் வரலாற்றை மகள் நமக்குப் பாடமாக நடத்தவில்லை, நாமும் அதைப் பாடமாக்கிக்கொள்ள வேண்டியதில்லை.